பினாங்கு வீட்டுக்கு ஒரு பூச்சி நாட்காட்டி

பினாங்கில் வெயில்காலம், குளிர்காலம் என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24. அதனால்தான் பலரும் "இங்கே பூச்சிக்கு ஏது சீசன், எப்போதும்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, கரப்பான் வந்தால் ஒரு ஸ்ப்ரே, எறும்பு வந்தால் ஒரு ஸ்ப்ரே என்று காலத்தை ஓட்டுகிறார்கள். பூச்சிகள் கணக்கு வைப்பது வெப்பத்தை அல்ல, மழையை. பயான் லெப்பாஸ் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் மாதத்துக்குச் சராசரியாக 100 மில்லிமீட்டர் மழைகூடக் கிடைப்பதில்லை. செப்டம்பர், அக்டோபரில் அது 300ஐத் தாண்டிவிடும். இடையில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சின்ன மழைக்காலம் வந்து போகும். எலி எப்போது கூரைக்கு ஏறும், ஈசல் எந்த மாலையில் கிளம்பும், சமையலறைக்கு எறும்பு ஏன் திடீரென்று படையெடுக்கிறது என்பதெல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று உண்டு. பூச்சி கண்ணில் படும் மாதம் வேறு, அதற்கு வேலை பார்க்க வேண்டிய மாதம் வேறு. ஏப்ரலில் கடிக்கும் கொசுவின் முட்டை பிப்ரவரியிலேயே வாளி ஓரத்தில் ஒட்டியிருந்திருக்கலாம். அக்டோபரில் கூரைக்குள் ஓடும் எலி, ஜூலையில் யாரும் வெட்டாமல் விட்ட மாங்கிளை வழியாக வந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டி, பூச்சி வரும் மாதத்துக்கு முந்தைய மாதங்களில் என்ன செய்வது என்பதைத்தான் அதிகம் பேசுகிறது.

முதலில் ஓர் இரவுச் சுற்று

எந்த மாதத்தில் தொடங்கினாலும் முதல் வேலை இதுதான். இரவு பத்து மணிக்கு மேல், சமையலறை விளக்கை அணைத்து ஒரு மணி நேரமாவது கழித்து, கைவிளக்கோடு வீட்டைச் சுற்றுங்கள். பகலில் பார்த்தால் பாதி விஷயம் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம், கேஸ் அடுப்புக்கு அடியில், சிங்க்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் நுழையும் இடம், குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் ஃபுளோர் டிராப், சாமி மேடையின் பின்புறம், கூரைக்கு ஏறும் கதவு, வெளியே வாசல் சாக்கடை. எங்கே என்ன பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் வீட்டின் தோராயமான படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்து வைத்தாலும் சரி, தேதி மட்டும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் சுற்றினால், ஓராண்டில் உங்கள் வீட்டின் நாட்காட்டி உங்கள் கையிலேயே இருக்கும். ஜெலுத்தோங் தரை வீட்டுக்கும் புக்கிட் மெர்தாஜாம் வயலோர வீட்டுக்கும் பத்தாவது மாடி கொண்டோவுக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது.

ஜனவரி முதல் மார்ச் வரை: காய்ந்த மாதங்கள்

தைப்பூசம் நடக்கும் இந்தக் காலத்தில் பூச்சித் தொல்லை குறைந்ததுபோல் தோன்றும். ஆண்டின் மிக முக்கியமான வேலைகள் இப்போதுதான் இருக்கின்றன.

ஃபுளோர் டிராப்பிலிருந்து தொடங்குங்கள். அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் குழாய்க்கும் உங்கள் வீட்டுக்கும் இடையிலான கதவு. விருந்தினர் அறைக் குளியலறை, பின்கட்டுக் கழிவறை போன்ற பயன்படுத்தாத இடங்களில், காய்ந்த மாதங்களில் அது ஆவியாகிவிடும். பெரிய சாக்கடைக் கரப்பானுக்கு வழி திறந்தாயிற்று. வாரத்துக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். காசு செலவில்லாத இந்த வேலைக்கு ஈடாக எந்த மருந்தையும் நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து எறும்பு. வெளியே மண் காய்ந்ததும் எறும்புகள் ஈரத்தைத் தேடி உள்ளே வரும். சிங்க் ஓரம், ஏர்கான் குழாய், மீன்தொட்டி, குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு. தலை கறுத்து உடல் வெளிறிய பொடி எறும்பும் மஞ்சள் நிறச் சிற்றெறும்பும் இங்கே அதிகம். இவற்றின் கூட்டில் ராணி ஒன்றல்ல, பல. ஸ்ப்ரே அடித்தால் கூடு மிரண்டு, ராணிகளோடு பிரிந்து இரண்டு மூன்று புதிய கூடாகிவிடும். அதனால் வரிசையைக் கொல்லாமல், வரிசை வழியாகக் கூட்டுக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டும். அரை லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சீனியும், ஒரு சிறிய தேக்கரண்டி, அதாவது 5 கிராம் அளவு போரிக் அமிலமும் கரையுங்கள். பஞ்சில் நனைத்து, பழைய மூடிகளில் வைத்து, எறும்பு போகும் பாதையில் விடுங்கள். கூட்டம் முதல் நாளில் கூடும். பதற வேண்டாம், அதுதான் வேண்டும். பஞ்சு காய்ந்தால் மாற்றி, ஒன்றிரண்டு வாரம் தொடருங்கள். போரிக் அமிலத்தை அதிகமாகப் போட்டால் எறும்பு கூடு சேரும் முன்பே செத்துவிடும், பயனில்லை. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

மூன்றாவது வேலை பாத்திரங்களைத் தேய்ப்பது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஏப்ரல் மழையில் வாளி நிரம்பியதும் பொரித்துவிடும். ஆகவே, காய்ந்த வாளியைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. நார் போட்டு உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். பூச்சட்டித் தட்டு, பறவைக்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம், வாசலில் வைத்திருக்கும் செம்பு, துடைப்பான் வாளி எல்லாவற்றையும்.

தைப்பூசத்தையொட்டி வீட்டில் தேங்காய் உடைத்திருந்தால் சிரட்டைகளை அன்றைக்கே கட்டிப் போட்டுவிடுங்கள். ரதம் போகும் சாலைகளில் உடையும் ஆயிரக்கணக்கான தேங்காயை மாநகர் மன்றத் தொழிலாளர்கள் இரவோடு இரவாக வாரிவிடுவார்கள். பின்கட்டு மூலையில் "அடுப்புக்கு ஆகும்" என்று நாம் சேர்த்து வைக்கும் பத்துச் சிரட்டைதான் சிக்கல். ஆசியப் புலிக்கொசு எனப்படும் ஏடிஸ் அல்போபிக்டஸ் இப்படித் தோட்டத்தில் தேங்கும் சிறு தண்ணீரைத்தான் விரும்பும். தண்ணீர்ப் பந்தல் போட்டவர்கள் தார்ப்பாயை மடிக்கும் முன் நன்றாகக் காயவிடுங்கள்.

கடைசியாக, இந்த மாதங்களில் சுவர் காய்ந்திருப்பதால் ஓட்டை அடைக்க இதுவே நல்ல நேரம். சிலிக்கோன் ஒட்டும், சிமெண்டும் பிடிக்கும். சின்ன எலிக்குச் சுட்டுவிரல் நுழையும் துளை போதும். பெரிய எலிக்கு 20 சென் காசு அளவு. குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியில் முதலில் இரும்பு நாரை இறுக்கி அடைத்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். வெறும் நுரையை அடைத்தால் எலி ஒரே இரவில் கடித்துப் போட்டுவிடும்.

ஏப்ரல், மே: ஈசல் சொல்லும் சேதி

பகலெல்லாம் புழுங்கி, சாயங்காலம் இடியோடு மழை கொட்டி, ஏழு மணிக்கு ஓய்கிறது. அப்புறம் விளக்கைச் சுற்றி ஈசல். காலையில் தரையெல்லாம் இறகு. பெரும்பாலான வீடுகளில் பெருக்கித் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பெருக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

முதல் கேள்வி, அது ஈசலா, சிறகு முளைத்த எறும்பா? உதிர்ந்த இறகுகளைத் தாளில் வைத்துப் பாருங்கள். நான்கு இறகும் ஒரே நீளம் என்றால் கரையானின் ஈசல். முன் இறகு நீண்டு, பின் இறகு குட்டையாக இருந்தால் எறும்பு. உடல் கிடைத்தால் இன்னும் எளிது: எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். ஈசலுக்கு இடுப்பே கிடையாது, உணர்கொம்பு நேராக இருக்கும்.

இரண்டாவது கேள்விதான் பணத்தை மிச்சப்படுத்துவது: அவை எங்கிருந்து வந்தன? ஜன்னல் வழியாக வெளியிலிருந்து விளக்குக்கு வந்தவை என்றால், பெரும்பாலும் தோட்டத்திலோ அக்கம்பக்கத்து மண்ணிலோ உள்ள கூட்டிலிருந்து கிளம்பியவை. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். ஆனால் கதவுச் சட்டத்தின் பிளவு, தரையோரப் பலகை, சுவர் வெடிப்பு இவற்றிலிருந்து ஈசல் கொப்பளித்து வந்தால், கூடு வீட்டோடு ஒட்டியிருக்கிறது. ஈசல் விடும் அளவுக்கு ஒரு கூடு வளரச் சில ஆண்டுகள் ஆகும். ஆக, அது நேற்று வந்ததல்ல.

தீபகற்ப மலேசியாவில் வீடுகளை அரிப்பதில் முதலிடம் காப்டோடெர்மெஸ் கெஸ்ட்ரோய் என்ற நிலத்தடிக் கரையானுக்கு. மண்ணில் கூடு கட்டி, சுவர்மேல் பென்சில் தடிமனில் மண்குழாய் போட்டு ஏறும். அந்தக் குழாயை ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் உடைத்துப் பாருங்கள். காவல் கரையான் வெளியே வந்து, தலையிலிருந்து பால்போன்ற வெள்ளைத் துளியைக் கக்கினால், சந்தேகமே வேண்டாம், காப்டோடெர்மெஸ் வகைதான். பார்த்ததும் கை ஸ்ப்ரேயைத் தேடும். அடிக்காதீர்கள். முன்னால் இருக்கும் நூறு கரையான் சாகும், மீதி லட்சக்கணக்கில் இருப்பவை வேறு வழி போட்டுக்கொள்ளும்; பிறகு மருந்து வைக்க வரும் ஆளுக்கு, தூண்டில் எனப்படும் மருந்து கலந்த இரையை வைக்க இடம் தெரியாமல் போகும்.

இதற்கு இரண்டு பாதைகள். ஒன்று, சுவரோரம் தரையைத் துளைத்து மண்ணுக்குள் மருந்து இறைப்பது. இப்போது வரும் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவை கரையானுக்கு வாசனையே தெரியாதவை. அது மருந்துக்குள் நடந்து, கூட்டாளிகளுக்கும் தொற்ற வைக்கும். இன்னொன்று, மண்குழாய்மேல் பெட்டி பொருத்தி உணவோடு மருந்து கொடுக்கும் தூண்டில். ஹெக்சாஃபுளுமுரோன், குளோர்ஃபுளுவாசுரோன் போன்றவை கரையான் தோலுரிப்பதைத் தடுக்கின்றன, கூடு மெதுவாக அழிகிறது. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும். கரையான் ஏற்கெனவே உள்ளே நடமாடும் வீட்டுக்கு நான் தூண்டிலையே சொல்வேன், ஏனென்றால் அது கூட்டையே குறிவைக்கிறது. சுவர் வழியே குழாயும் கம்பியும் ஓடும் பழைய ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் தரையைக் கண்டபடி துளைப்பதும் நல்லதல்ல. உத்தரத்தின் முனை சுண்ணாம்புச் சுவருக்குள் செருகியிருக்கும் அந்த வீடுகளில், கூரை ஒழுகும் இடத்தைச் சரிசெய்யாமல் எந்த மருந்து போட்டாலும் வீண். ஈரம் இருக்கும்வரை கரையானுக்கு அங்கே வேலை இருக்கும்.

பெருமழை தொடங்கும் அக்டோபர் வாக்கில் இன்னொரு முறை ஈசலைப் பார்க்கலாம். எப்படியும் மார்ச் முடிவதற்குள் ஒருமுறை கதவுச் சட்டங்களையும் சமையலறை அலமாரியின் அடிப்பலகையையும் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்துவிடுங்கள். உள்ளே அரித்து வெற்றிடமாகியிருந்தால் சத்தமே மாறும். சுவரோடு சாத்தி வைத்த பழைய பலகை, அட்டைப் பெட்டிகளை மண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட்: டுரியான் மாதங்கள்

பாலிக் பூலாவ் டுரியான் இறங்கும்போது ஈயும் இறங்கும். வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறையாவது குப்பை வீட்டை விட்டுப் போனால் அந்தச் சுழற்சி நிறைவடையவே வழியில்லை. டுரியான் தோலையும் கொட்டையையும் பழைய நாளிதழில் சுற்றி, வாயைக் கட்டிய பையில், குப்பை லாரி வரும் நாளுக்கு முந்தைய இரவில் வெளியே வையுங்கள். மூன்று நாள் முன்பே வேலியோரம் குவித்தால் ஈ, எறும்பு, எலி மூன்றுக்கும் விருந்து.

பினாங்கில் 2016 ஜூனிலிருந்து மறுசுழற்சிக் குப்பையை வீட்டிலேயே பிரித்து வைக்கிறோம். நல்ல ஏற்பாடு, ஆனால் கழுவாத மைலோ டின்னும் கெட்டிப்பால் டப்பாவும் ஒரு வாரம் பின்கட்டில் காத்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு முறை அலசிப் போட்டால் போதும்.

மரக்கிளை வெட்டும் வேலையும் ஜூலைக்குரியது. கூரையைத் தொடும் மா, ரம்புத்தான் கிளைகளை ஒன்றரை மீட்டராவது தள்ளி வெட்டிவிடுங்கள். கூரை எலி கம்பியிலும் நடக்கும் என்பது உண்மைதான், இருந்தாலும் எளிய வழியையாவது அடைக்கலாமே.

அறுவடை நேரம்: சார்லி பூச்சி

இது பெனாகா, கெப்பாலா பத்தாஸ், பெர்மாத்தாங் பாவ், பாலிக் பூலாவ் போன்ற வயலோரப் பகுதிக்காரர்களுக்கு. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

செபராங் பிறை வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம். நெல் நிற்கும்வரை சார்லி பூச்சி என்ற இந்தச் சிறு வண்டு வயலிலேயே இருந்து, பயிரைக் கெடுக்கும் புழு பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது. அறுவடை இயந்திரம் இறங்கியதும் இருப்பிடம் போய்விடுகிறது. இரவில் வெள்ளை விளக்கைத் தேடிப் பறந்து, அடுக்குமாடி வீடுகளுக்குள் வந்து விழுகிறது. நாள்கணக்கு வேண்டாம், உங்கள் ஊர் வயலில் இயந்திரம் ஓடுவதைப் பார்த்த அன்றே தயாராகிவிடுங்கள்.

ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, பார்ப்பதற்கு எறும்பு மாதிரி. அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. உடல் நசுங்கும்போது வெளிவரும் பெடரின் என்ற நஞ்சுதான் தோலைப் புண்ணாக்குகிறது. மேலே ஏறினால் அடிக்காதீர்கள். ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு தாளில் ஏறவிட்டு அகற்றுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தொடவே கூடாது. எரிச்சலும் கொப்புளமும் உடனே வருவதில்லை, பாதி நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் தெரியும். அதனால்தான் பலர் காலையில் எழுந்து அக்கி என்று தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணருகே வந்தாலோ பரவினாலோ கிளினிக் போய்விடுங்கள்.

அந்த வாரங்களில் வரவேற்பறை வெள்ளை விளக்கை மஞ்சள் பல்புக்கு மாற்றுங்கள், மாலை ஆறரைக்குள் திரையை இழுத்துவிடுங்கள், ஜன்னலுக்கு நுண்ணிய வலை போடுங்கள், படுக்கும் முன் மெத்தை விரிப்பையும் துண்டையும் உதறுங்கள். கொடியில் இரவெல்லாம் துணி தொங்க வேண்டாம்.

செப்டம்பர் முதல் நவம்பர்: பெருமழையும் தீபாவளியும்

ஆண்டின் கனத்த மாதங்கள். சாக்கடை நிரம்பும்போது அதில் குடியிருப்பவர்கள் மேலே வருகிறார்கள். செம்பழுப்பு நிறத்தில் பெரிதாக, சில நேரம் பறக்கவும் செய்யும் அமெரிக்கக் கரப்பான் இந்த வகை. வாசல் சாக்கடை, மேன்ஹோல் மூடி, குளியலறைக் குழாய் இவைதான் அதன் பாதை. ஆகஸ்ட் முடிவதற்குள் மேன்ஹோல் மூடியின் விளிம்பு இடைவெளியை அடைத்து, ஃபுளோர் டிராப்புக்கு மூடும் வகை வடிகட்டி போட்டு, பின்வாசல் கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டிவிடுங்கள். இந்தப் பெரிய கரப்பானைவிட, சமையலறையில் வசிக்கும் சின்னப் பழுப்பு நிற ஜெர்மன் கரப்பான் பத்து மடங்கு தொல்லை. அதற்கு மழையும் தெரியாது வெயிலும் தெரியாது. ஒரு முட்டைப் பையில் 30, 40 குஞ்சு. பொரிக்கும்வரை தாய் அதைச் சுமந்துகொண்டே திரியும். அதற்கு ஜெல் தூண்டில்தான் மருந்து: பயற்றளவு புள்ளிகளாக, அலமாரிக் கீல், குளிர்சாதனப் பெட்டி மோட்டார் பக்கம், அடுப்புக்குப் பின்னால். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது, இரண்டு செலவும் வீண்.

எலிக்கும் இதுவே காலம். வளையில் தண்ணீர் ஏறியதும் மேடான இடத்தைத் தேடும், அந்த மேடு உங்கள் கூரையாக இருக்கலாம், காரின் என்ஜினாகவும் இருக்கலாம். எலிப்பொறி வைப்பதில் பொறுமை முக்கியம். புதிதாக ஒரு பொருளைக் கண்டால் எலி சில நாள் கிட்டே வராது. ஆகவே பொறியை விசை ஏற்றாமல், சுட்ட தேங்காய்த் துண்டோ நெத்திலியோ வைத்து மூன்று நான்கு இரவு விடுங்கள். தின்று பழகியதும் விசையை ஏற்றுங்கள். சுவரோரமாக, பொறியின் வாய் சுவரைப் பார்க்க வைக்க வேண்டும். நடுத்தரையில் எலி நடக்காது. எலி விஷம் எனக்கு உவப்பில்லை. கூரைக்குள் செத்து நாறும், விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் பூனைக்கும் ஆந்தைக்கும் ஆபத்து. புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். கையுறை போட்டு, நீர்த்த குளோராக்ஸ் பிளீச் தெளித்து ஊறவிட்டுத் துடையுங்கள்.

வெள்ளம் புகுந்தால் கணக்கே வேறு. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவும் பெருநிலமும் மூழ்கியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத் தண்ணீரில் எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் பரவும். காலில் கீறலோடு தண்ணீரில் இறங்க வேண்டாம், ரப்பர் பூட்ஸ் போடுங்கள். வெள்ளம் வடிந்து இரண்டொரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், டாக்டரிடம் "வெள்ளத்தில் நின்றேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். டிங்கியாக இருக்குமோ என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடக் கூடாது. எலியைத் தேடிப் பாம்பு வந்துவிட்டால் நீங்கள் கழி எடுக்க வேண்டாம், 999க்கு அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையோ தீயணைப்புப் படையோ வரும்.

இதே நேரத்தில் வீட்டில் முறுக்கு மாவு, கடலை மாவு, பச்சரிசி, உளுந்து எல்லாம் மூட்டையாக வந்து இறங்குகிறது. காற்றில் ஈரம் மிகுந்த மாதத்தில் ஆண்டின் மிகப் பெரிய மளிகை. அரிசி வண்டு முட்டையை அரிசி மணிக்குள்ளேயே இடுகிறது. ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வருகிறது. அதாவது, கடையிலிருந்து வரும்போதே உள்ளே இருந்திருக்கலாம். லெபோ பாசார் கடையில் வாங்கி வந்ததும் மாவை சிறு பைகளாகப் பிரித்து, ஃபிரீசரில் நான்கு நாள் வைத்துவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்து, பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். குளிர்ந்தபடி திறந்தால் மாவில் ஈரம் கோத்துக்கொள்ளும். பழைய மாவின்மேல் புது மாவைக் கொட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேப்பிலை, காய்ந்த மிளகாய் போடுவதைத் தப்பு சொல்லவில்லை, ஆனால் மணிக்குள் இருக்கும் முட்டையை அவை ஒன்றும் செய்யாது. அப்புறம், பொருள் தீரும் அளவுக்கு வாங்கினால் பாதித் தொல்லை இல்லை. தீபாவளி மாவு பொங்கல் வரைக்கும் ஏன் இருக்க வேண்டும்?

கொசுவுக்குத் தனிக் கணக்கு

மலேசியாவில் 2019இல் 130,101 பேருக்கு டிங்கி வந்தது, 182 பேர் இறந்தார்கள். மழை கொட்டும் நாளைவிட, மழை விட்டு விட்டுப் பெய்யும் வாரங்களே ஏடிஸுக்கு வசதி. பெருமழை சாக்கடையை அலசிவிடும். இடைவெளி மழை சின்னப் பாத்திரங்களை நிரப்பி, தேங்கவிட்டுப் போகும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். எனவே வாரத்தில் ஒரு நாளை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போதே இதையும் சேர்த்துவிடலாம்.

சாமி மேடைக் கலசத் தண்ணீரையும் பூ வைக்கும் கிண்ணத்தையும் மாற்றித் தேயுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஏர்கான் தண்ணீர் சொட்டும் இடம், பூச்சட்டித் தட்டு, மூங்கில் கொடிக்கம்பு செருகும் குழாய், பயன்படுத்தாத கழிவறைத் தொட்டி, கூரைத் தகரக் கால்வாய். இலைகள் அடைத்த கூரைக் கால்வாயைத்தான் அதிகமானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஏணி வைத்து ஏற முடியாதவர்கள் செப்டம்பருக்கு முன் ஓர் ஆளை வைத்தாவது சுத்தம் செய்துவிட வேண்டும். கவிழ்க்க முடியாத தொட்டிக்கு, கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் குருணை: ஒரு சதவீத வகை என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். துணியில் கட்டித் தொங்கவிடலாம்.

புகையடிக்கும் வண்டி வந்துபோனதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழு மறுநாள் காலை எழுந்து வரும். ஏடிஸ் கடிப்பது பெரும்பாலும் விடியலுக்குப் பிறகும் அந்திக்கு முன்பும்தான். இரவில் மட்டும் கொசுவலை கட்டுவது இதற்கு உதவாது, பகலில் தூங்கும் குழந்தைக்குக் கட்டுங்கள். வீட்டில் புழு இருந்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி 500 ரிங்கிட் வரை கம்பவுண்டு அபராதம் வரும். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து, முற்றத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் சுகாதார அலுவலகத்துக்குப் புகார் கொடுங்கள். சண்டை போட்டுக்கொள்வதைவிட அது நல்லது.

மழைக்குக் கட்டுப்படாத இருவர்

மூட்டைப்பூச்சி வருவது பயணத்தில். டிசம்பர் விடுமுறைக்குப் பின் பெட்டியை நேராகப் படுக்கையறைக்குக் கொண்டு போகாதீர்கள். துணிகளை டோபிக் கடையின் பெரிய உலர்த்தியில் அதிக வெப்பத்தில் அரை மணி நேரம் போட்டாலே போதும்.

உலர்மரக் கரையான் மண்குழாய் போடாது, மரத்துக்குள்ளேயே வாழும். பழைய தேக்கு அலமாரிக்குக் கீழே ரவை போலக் குவியும் பொடி அதன் எச்சம். துடைத்த மறுவாரம் மீண்டும் குவிந்தால் உயிரோடு இருக்கிறது. அந்தச் சாமானுக்கு மட்டும் சிகிச்சை செய்தால் போதும், வீட்டுத் தரையைத் துளைக்கச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஆள் கூப்பிடும்போது

மருந்தை நீங்களே வாங்கினால் லேபிளில் எல்ஆர்எம்பி (LRMP) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவான மருந்துக்குத்தான் அது இருக்கும். இரவுச் சந்தையில் லேபிள் இல்லாமல் விற்கும் மருந்துச் சாக்கட்டியை வீட்டுக்குள் விடவே வேண்டாம்; குழந்தைகள் சாக்பீஸ் என்று எடுத்துவிடுகிறார்கள்.

கம்பெனியைக் கூப்பிட்டால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்த இனம், எங்கே கூடு, என்ன மருந்து, எத்தனை முறை வருவார்கள், மீண்டும் வந்தால் எத்தனை மாதம் வரை காசில்லாமல் பார்ப்பார்கள் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். போன் பேச்சிலேயே விலை சொல்பவர் வீட்டைப் பார்க்கவில்லை. கரையானுக்கு மார்ச்சிலும், எலிக்கும் கரப்பானுக்கும் ஆகஸ்டிலும் கூப்பிட்டால் அவர்களுக்கு நேரம் இருக்கும், நிதானமாக வேலை செய்வார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் கூப்பிட்டால் ஸ்ப்ரே அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவார்கள்.